மரபணு ஆலோசகர் படிப்பு: நம் ஊரில் குடும்ப வரைபடம் எடுக்க யோசனை தேவை

#1 வரைபடக்காரி

வணக்கம். சுங்கை சிப்புட் ஆட்கள் இங்கே வழக்கமாகப் பேசுவது தண்ணீர்த் தடை, தீமிதி, வாடகை வீடு. நான் கொஞ்சம் வேறு விஷயத்தோடு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை இடித்த பிறகு டவுனுக்கு வந்துவிட்டோம். இப்போது கோலாலம்பூரில் மரபணு ஆலோசகருக்கான முதுகலை படிக்கிறேன். ஆலோசகர் என்றதும் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம், அது வேறு வேலை, அதற்கு 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் செய்வது, ஒரு நோய் குடும்பத்தில் வழிவழியாக வருகிறதா, வந்தால் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு, எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, முடிவு வந்த பிறகு என்னென்ன வழி இருக்கிறது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது. மருந்து எழுத மாட்டோம்.

இதற்கு அடிப்படை மூன்று தலைமுறை குடும்ப வரைபடம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு இரட்டைக் கோடு, நம்மைத் தேடி வந்தவருக்கு ஒரு அம்புக்குறி. வகுப்பில் நடிப்பு நோயாளியை வைத்துச் செய்யும்போது அரை மணிக்குள் முடிந்துவிடும். விடுமுறைக்கு வந்து சொந்தக்காரர்களிடம் பயிற்சிக்காக எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், மதியம் தொடங்கியது விளக்கு வைக்கும் நேரம்வரை ஓடுகிறது, தாளில் பாதி வட்டத்துக்குள் கேள்விக்குறி. சிலர் நிலப் பங்குக்குக் கேட்கிறேனோ என்று பார்க்கிறார்கள். ஒரு ஆண்ட்டி எனக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான் இந்த விசாரணை என்று முடிவே கட்டிவிட்டார்.

இரண்டு கேள்விகள். ஒன்று, நம் பெரியவர்களிடம் இதை எப்படிக் கேட்பது? இரண்டு, எல்லாரும் கடைசியில் ஒன்றுதான் கேட்கிறார்கள்: "சொந்தத்தில் முடிக்கலாமா கூடாதா, சொல்லு." முடிவை நாங்கள் சொல்லக் கூடாது, அவர்களே எடுக்க உதவ வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். அதை அப்படியே சொன்னால் "இதுக்கா இவ்வளவு படிச்ச?" என்கிறார்கள்.

(இங்கே எழுதுவதில் நோயாளி கதை எதுவும் இல்லை, இருக்கவும் இருக்காது.)

#2 ஈப்போ_காப்பி

முதலில் இதற்கு வேலை இருக்கிறதா? எங்கள் மாமா பையன் பயோடெக் படித்துவிட்டு இப்போது இன்சூரன்ஸ் விற்கிறான். பிடிபிடிஎன் படிப்புக் கடன் இன்னும் ஓடுகிறது. நம் பிள்ளைகள் பெயர் பெரிதாக இருக்கும் படிப்பாகப் பார்த்துப் போய்ச் சேருகிறார்கள், அப்புறம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். கோபிக்காதே தங்கச்சி, பொதுவாகச் சொல்கிறேன்.

#3 பழைய_டிரஸ்ஸர்

பிள்ளைக்கு வணக்கம். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். உன் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இரண்டாவதை என்னைவிடப் படித்தவர்கள் சொல்லட்டும்.

நோயிலிருந்து தொடங்காதே. "உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த வியாதி இருக்கா" என்று கேட்டால் ஊரே சேர்ந்து இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கும். "தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணி கொண்டுவந்தார்" என்று ஆரம்பி. அதற்கு எல்லாரும் பதில் சொல்வார்கள், வாய் ஓயாமல் சொல்வார்கள். கங்காணி தன் ஊர், தன் சொந்தம், தன் சாதி என்று பார்த்துத்தான் ஆள் சேர்த்தார், ஆகவே ஒரு லயம் முழுக்க ஒரே கிராமத்து ஆட்கள் என்பது சாதாரணம். 1938இல் இந்திய அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்திய பிறகு இங்கே இருந்தவர்களுக்குள்ளேயே கொடுத்து எடுத்தார்கள். உனக்கு இரட்டைக் கோடு நிறைய வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். 1942, 43இல் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எப்படிச் செத்தார், எந்த வயதில், அவருக்கு உடம்பில் ஏதாவது இருந்ததா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உன் வரைபடத்தில் கொள்ளுத்தாத்தா கட்டம் காலியாக இருந்தால் அதைக் காலியாகவே விடு, துருவாதே. அடுத்தது தோட்டத் துண்டாடல், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது. அண்ணன் பகாங், தம்பி கெடா, அக்கா புருஷனோடு ஜொகூர் என்று சிதறிப்போனார்கள். இப்போது கல்யாணத்திலும் கருமாதியிலும்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

முக்கியமானது இன்னொன்று. ஆம்பிளைகள் முன்னால் எந்தக் கிழவியும் கரைந்துபோன கருவைப் பற்றிப் பேச மாட்டாள். "எத்தனை பிள்ளை?" என்றால் "ஆறு". அடுப்படியில் தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டால் ஒன்பது. அந்த மூன்றுதானே உனக்கு வேண்டியது? பெயர் வைப்பதற்கு முன்னால் போன பிள்ளையை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், நீதான் பதமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எதனால் இறந்தார் என்றால் "காய்ச்சல்" என்பார்கள், "ரத்தம் சுண்டிப் போச்சு" என்பார்கள். ரத்தம் சுண்டிய பெண்களுக்கு நாங்கள் இரும்புச்சத்து மாத்திரைதான் கொடுத்தோம், கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தோம், அந்தக் காலத்துக்கு அது சரிதான். ஆனால் எவ்வளவு கொடுத்தும் ஏறாத சிலர் இருந்தார்கள், அவர்களைப் பற்றி இப்போது யோசிக்கிறேன்.

#4 வரைபடக்காரி

ஐயா, இதை நான் அச்சடித்து வைத்துக்கொள்ளப் போகிறேன். ஏறாத சிலர் என்றீர்களே, அதில் தலசீமியாவை, அதாவது பரம்பரையாக வரும் ஒரு ரத்தச்சோகை நோயின் மரபணுவை, சுமப்பவர்கள் இருந்திருக்கலாம். சுமப்பவருக்கு நோய் கிடையாது, ரத்த அணு மட்டும் சின்னதாக இருக்கும், பார்ப்பதற்கு இரும்புச்சத்துக் குறைவு மாதிரியே இருக்கும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வருடக் கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஈப்போ அண்ணே, நியாயமான கேள்வி. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இருக்கிறது, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற இடங்களில் எடுக்கிறார்கள், தனியார் பரிசோதனைக் கூடங்களும் எடுக்கின்றன. இடங்கள் குறைவுதான், மறைக்கவில்லை. தனியார் கூடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: பரிசோதனை விற்கிறவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு "உங்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை" என்று எப்படிச் சொல்வது? சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை எனக்குப் பிடிக்கும்.

#5 கணக்கு_வாத்தியார்

தலசீமியா பற்றி ஒன்று. படிவம் 4 (பதினாறு வயது) மாணவர்களுக்குப் பள்ளியிலேயே ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், 2016இலிருந்து நடக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள், அந்தப் பாரம் பையிலேயே கசங்கிக் கிடக்கும். முடிவு வந்த பிறகு அதைக் கல்யாணம்வரை பத்திரமாக வைத்திருக்கிற வீடு எத்தனை இருக்கும்? ஜாதகத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு சாமி அறையில் வைக்கிறோம்.

இன்னொன்று, இதை ஒரு கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன். இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் "நாலில் ஒரு பிள்ளைக்கு நோய்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அது "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்குப் பயமில்ல" என்று ஆகிவிடுகிறது. நம் ஊரில் நாலு நம்பர் லாட்டரி எடுக்காத வீடு இல்லையே, அதை வைத்தே சொல்லுங்கள்: போன வாரம் விழுந்த நம்பர் இந்த வாரம் விழாது என்று கடைக்காரன் உத்தரவாதம் தருவானா? ஒவ்வொரு கருவுக்கும் குலுக்கல் புதிது. இதைச் சொன்னால் பாட்டிக்கும் புரியும்.

#6 வரைபடக்காரி

சார், அந்த நாலு நம்பரை நான் திருடிக்கொள்கிறேன். எங்கள் பாடப் புத்தகத்தில் நாணயம் சுண்டச் சொல்லியிருக்கிறது, இங்கே யார் நாணயம் சுண்டுகிறார்கள்?

#7 ரோசாப்பூ_ஆண்ட்டி

நான் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதுகிறேன். என் மகளுக்கு என் தம்பியைக் கேட்கிறார்கள். எங்கள் அம்மாவின் ஆசை. பையன் நல்லவன், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சொந்த வீடு. மகளுக்கும் மறுப்பு ஒன்றும் இல்லை. நீ படித்த பிள்ளை, சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லு மா. செய்யலாமா கூடாதா?

#8 ஈப்போ_காப்பி

மலேசியாவில் அது சட்டப்படி குற்றம் ஆண்ட்டி. பதிவே செய்ய முடியாது.

#9 கணக்கு_வாத்தியார்

தவறு தம்பி. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், பிரிவு 11. நெருங்கிய ரத்த உறவில் திருமணம் கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டு, இந்துக்கள் வழக்கப்படி அக்கா தங்கை மகளைக் கட்டிக்கொள்வதை இது தடுக்காது என்று அதே பிரிவில் விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். சட்டம் வழி விடுகிறது. சட்டம் விடுவதும் உடம்பு விடுவதும் ஒன்றா என்பதைத் தங்கச்சிதான் சொல்ல வேண்டும்.

#10 மெல்பர்ன்_மழை

சுங்கை சிப்புட் பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன், என் அம்மா ஊர். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், ஆஸ்திரேலியாவில். தங்கச்சியின் இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன், ஆண்ட்டிக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

"முடிவை நாங்கள் சொல்ல மாட்டோம்" என்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எங்கே நிறுத்துவது என்பதும் தெரியும். இந்த வேலைக்கு இந்தப் பெயரை வைத்தவர் ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்க மரபியலாளர், 1947இல். அதற்கு முன்பிருந்தே மரபியல் பெயரைச் சொல்லி யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்று அரசாங்கங்கள் முடிவு செய்தன, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள், ஜெர்மனியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கறையிலிருந்து விலகத்தான் "நாங்கள் யாருக்கும் கட்டளை போட மாட்டோம்" என்று இந்தத் தொழில் சத்தியம் செய்துகொண்டது. 1969இல் நியூயார்க் மாநிலத்தில் சாரா லாரன்ஸ் கல்லூரி இதற்கென்று முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது மரபியலோடு மனிதரிடம் பேசும் கலையையும் சேர்த்தே வைத்தார்கள். அங்கே இன்றைக்கும் ஒரு மாணவர் மேற்பார்வையாளர் முன்னிலையில் குறைந்தது 50 பேருடைய ஆலோசனையில் பங்கெடுத்துப் பதிவேட்டில் எழுதினால்தான் பட்டம்.

ஆகவே கட்டளை போடாதே என்பது சரி. ஆனால் கட்டளை போடாமல் இருப்பது வேறு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது வேறு. படித்து முடித்த புதிதில் நிறையப் பேர் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஆண்ட்டிக்கு. எந்தத் தம்பதிக்கும், சொந்தமே இல்லாவிட்டாலும், பிறக்கும் பிள்ளைக்குப் பெரிய குறை இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 3 அளவில் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டால் அதன்மேல் ஏறக்குறைய 2 முதல் 3 கூடும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கும், இதை யாரும் சொல்வதில்லை. தாய்மாமன், அக்கா மகள் உறவு அதைவிட இரண்டு மடங்கு நெருக்கம், முறைப்பிள்ளைகள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு ஒன்றாக இருக்கும் என்றால் இவர்களுக்கு நாலில் ஒரு பங்கு, ஆபத்தும் அதற்கேற்பக் கூடும். இதெல்லாம் குடும்பத்தில் ஏற்கனவே ஒன்றும் இல்லாதவர்களுக்கான கணக்கு. பாட்டி தாத்தாவும் சொந்தத்தில் கட்டியிருந்தால் கணக்கு மாறும். குடும்பத்தில் குறையோடு பிறந்த பிள்ளை இருந்தால் முழுக்கவே மாறும்.

சொந்தத்தை விட்டுச் சாதிக்குள் தேடினால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் தெற்காசியச் சமூகங்கள் 260க்கு மேல் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. அதில் 81 சமூகங்கள் அஷ்கனாசி யூதர்களையும் பின்லாந்துக்காரர்களையும் விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து பெருகியவை, அதில் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை உள்ளவை. இந்தியாவில் ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடம்பை விட்டு இறங்காமல் மூச்சு திரும்பத் தாமதமாவது அங்கே மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயம். காரணம் சொந்தத்தில் கட்டியதல்ல, நூற்றாண்டுக் கணக்கில் ஒரே வட்டத்துக்குள் கட்டியது.

#11 ரோசாப்பூ_ஆண்ட்டி

நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் இது வக்கீல் பதில்.

#12 பழைய_டிரஸ்ஸர்

அம்மா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பையன் நல்லவன், பெண்ணுக்கும் இஷ்டம், உங்கள் அம்மாவின் ஆசை. பிறகு எதற்காக இங்கே வந்து கேட்கிறீர்கள்? மனதில் என்ன உறுத்துகிறது?

#13 ரோசாப்பூ_ஆண்ட்டி

எங்கள் பெரியக்காவும் தாய்மாமனைத்தான் கட்டினார். இரண்டு பிள்ளைகள், ஒரு வயது வரைக்கும் நன்றாக இருந்து அப்புறம் கழுத்து நிற்காமல், ஆளைத் தெரியாமல் போனார்கள். ஆறு ஏழு வயதில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். செய்வினை என்றுதான் சொன்னார்கள். வீட்டில் அதைப் பேசவே கூடாது. இப்போது என் மகளைக் கேட்கிறார்கள், எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வேன், அவருடைய சொந்தத் தம்பிக்குத்தானே அக்காவைக் கொடுத்தார்.

#14 வரைபடக்காரி

ஆண்ட்டி, இதை எழுதியதற்கு நன்றி. ஒரு வயதுவரை நன்றாக இருந்து, கற்றதை இழந்து, அதுவும் ஒரே வீட்டில் இருவருக்கு என்றால், அது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மறைவாக வந்த ஒரு மரபணுக் குறையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. என்ன குறை என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அப்படி இருந்தால் உங்கள் அக்கா ஒரு சுமப்பவர். அவரோடு பிறந்த உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் ஆளுக்குப் பாதிக்குக் குறையாத வாய்ப்பு, உங்கள் மகளுக்கு அதில் பாதி. ஆகவே மெல்பர்ன் அக்கா சொன்ன பொதுக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

ஒரே வார்த்தை கேட்டீர்கள். பரிசோதனைக்குப் போவதற்கு முன்னால் தட்டு மாற்றாதீர்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன். பாடம் இதைத் தடுக்காது என்றுதான் நினைக்கிறேன், மெல்பர்ன் அக்கா திருத்தட்டும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) சொல்லி, ஈப்போ பெரிய மருத்துவமனை வழியாக மரபியல் கிளினிக்குக் கடிதம் வாங்க வேண்டும். பெரியக்கா பிள்ளைகளின் பழைய மருத்துவமனை அட்டை, எக்ஸ்ரே, எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். பெரியக்காவும் அவர் கணவரும் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தால் வேலை பாதி முடிந்த மாதிரி, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது என்ன என்பதைத் தேட அந்த இருவர்தான் இப்போது வழி.

#15 மெல்பர்ன்_மழை

திருத்த ஒன்றும் இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். பரிசோதனை எப்போதும் ஆம், இல்லை என்று பதில் தராது. மாற்றம் ஒன்று இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியவில்லை என்றும் முடிவு வரும். உலகத் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினர் அதிகம், நம் ஆட்கள் குறைவு என்பதால் நமக்கு அந்த மாதிரி பதில் கூடுதலாகவே வருகிறது. போகும் முன்பே இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும். அம்மாவிடம் பேசுவதை ஆண்ட்டி தனியாகச் சுமக்க வேண்டாம், கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போகலாம். யாருடைய ரத்தம் கெட்டது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு மனிதரும் இப்படிச் சில குறைகளை மறைவாகச் சுமக்கிறோம், நானும்தான்.

#16 நிர்வாகி

கவனத்துக்கு: ஆண்ட்டி எழுதியது அவருடைய விருப்பம். மற்றவர்கள் அந்தக் குடும்பம் எது என்று இங்கே ஊகிக்கத் தொடங்கினால் பதிவு நீக்கப்படும். ஏற்கனவே ஒன்றை நீக்கிவிட்டேன். சின்ன ஊர், யோசித்து எழுதுங்கள்.

#17 ஈப்போ_காப்பி

சட்ட விஷயத்தில் வாத்தியார் சொன்னது சரிதான், பார்த்துவிட்டேன். அப்புறம் ஒரு யோசனை. சைப்ரஸில் 1983இலிருந்து கல்யாணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனைச் சான்று இல்லாமல் தேவாலயம் திருமணம் செய்துவைப்பதில்லை என்று படித்தேன், நோயோடு பிறப்பதே அங்கே கிட்டத்தட்ட நின்றுவிட்டதாம். இங்கே முஸ்லிம் ஜோடிகள் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்கிறார்கள். நம் கோயில்களில் திருமணப் பதிவு அதிகாரிகள் இருக்கிறார்களே, அவர்கள் கேட்டால் என்ன?

#18 வரைபடக்காரி

அண்ணே, சைப்ரஸ் தேவாலயம் சான்றைத்தான் கேட்டது, முடிவைக் கேட்டு யாரையும் தடுக்கவில்லை. இங்கே கோயிலில் கேட்டால் மறுநாளே பெண் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடும் என்பதுதான் என் பயம். சுமப்பவர் என்றால் நோயாளி என்று நினைக்கிற ஊரில் அது பெண் பிள்ளையின் தலையில்தான் விடியும். படிவம் 4 முடிவை அவரவர் கையில் வைத்திருந்து, அவரவர் வாயால் சொல்லிக்கொள்வதே மேல். என் கருத்துதான் இது, எங்கள் வகுப்பிலேயே இதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் உண்டு.

#19 மூணாம்நம்பர்_லயம்

தலசீமியா சீனருக்கும் மலாய்க்காரருக்கும்தானே அதிகம்? நம் ஆட்களுக்கு அவ்வளவாக இல்லை என்று ஒரு நர்ஸ் சொன்னார். சும்மா கேட்கிறேன். சரி, சும்மா இல்லை. என் அம்மாவின் அம்மா சீனப் பிள்ளை, கைக்குழந்தையாகத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அப்படி நிறைய நடந்தது. பாட்டிக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது, மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுத்தவர். வீட்டில் யாரும் பேசுவதில்லை, என் தங்கைக்கே தெரியாது, அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கு இப்போது மூன்றாவது மாதம். அவருடைய அப்பா சீனர், அம்மா தமிழர். கிளினிக்கில் இருவருக்கும் "இந்தியர்" என்றே போட்டார்கள். இதில் ஏதாவது இருக்கிறதா?

#20 மெல்பர்ன்_மழை

இருக்கிறது. பயப்பட அல்ல, இந்த வாரமே போக. நர்ஸ் சொன்னது பொதுவாகச் சரி. ஆனால் தலசீமியாவில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. நம் ஆட்களிடம் காணும் ஆல்ஃபா வகை பெரும்பாலும் நாலு மரபணுவில் ஒன்று குறைவது, தொல்லை கிடையாது. தென்சீனர்களிடமும் தென்கிழக்காசியரிடமும் ஒரே பக்கத்தில் (அப்பா வழியிலோ அம்மா வழியிலோ) இரண்டு சேர்ந்து குறையும் வகை பரவலாக உண்டு. கணவன் மனைவி இருவருமே அதைச் சுமந்தால் ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு நாலும் இல்லாமல் போய்விடும். அந்தக் கரு உடம்பில் நீர் கோத்து, சிகிச்சை இல்லாவிட்டால் வயிற்றிலோ பிறந்தவுடனேயோ இறந்துவிடும், தாய்க்கும் ரத்த அழுத்தம் ஏறி ஆபத்து. அதனால்தான் அவசரம் என்கிறேன்.

உங்கள் பாட்டி ஒருவேளை சுமப்பவர் என்றே வைத்துக்கொண்டாலும் அம்மாவுக்குப் பாதி, உங்களுக்கு நாலில் ஒன்று. மனைவிக்கு அவர் அப்பா வழி. கிளினிக்கில் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும் முதலில்: ரத்த அணுவின் அளவு 80க்குக் கீழே, அணுவில் உள்ள ஹீமோகுளோபின் 27க்குக் கீழே இருக்கிறதா என்று இருவருக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இருவருக்கும் குறைவாக இருந்தால் டிஎன்ஏ பரிசோதனை கேளுங்கள், ஏனென்றால் வழக்கமான ஹீமோகுளோபின் பரிசோதனையில் ஆல்ஃபாவைச் சுமப்பவர் சரியாக இருப்பதாகவே தெரியும். பாட்டி கதையை நர்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாரத்தில் அதற்குக் கட்டம் இருக்காது.

#21 வரைபடக்காரி

என் வரைபடத்தில் தத்தெடுத்தவருக்கு அடைப்புக்குறி போட்டு, வளர்த்தவர்களோடு விட்டு விட்டுப் போகும் கோட்டால் இணைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். இதுவரை ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை, பாரத்தில் "இனம்" என்ற இடத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். டிரஸ்ஸர் ஐயா, இதை எப்படிக் கேட்பீர்கள்?

#22 பழைய_டிரஸ்ஸர்

"பாட்டியை எந்த வீட்டில் வளர்த்தாங்க?" என்று கேள். பெற்றது யார் என்று கேட்காதே. வளர்த்தது யார் என்றால் பெருமையாகச் சொல்வார்கள், மிச்சம் தானாக வரும்.

அந்தத் தம்பிக்கு: உங்கள் பாட்டியை எனக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தாலும் தெரியாது.

#23 மூணாம்நம்பர்_லயம்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இருவரும் போனோம். மனைவிக்கு 86, 29, எல்லாம் சரி. எனக்கு 69, 22. இரும்புச்சத்து பார்த்தார்கள், குறைவில்லை. டிஎன்ஏவுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

#24 மெல்பர்ன்_மழை

நல்ல செய்தி. அந்தக் கடுமையான வகையைச் சுமப்பவருக்கு அணு சின்னதாகத்தான் இருக்கும், மனைவிக்கு 86, 29 என்றால் அது அவரிடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை உங்களைப் போலச் சுமக்கலாம், மற்றதை உங்கள் டிஎன்ஏ முடிவு வந்த பிறகு கிளினிக்கில் கேளுங்கள். உங்கள் முடிவு வந்ததும் பத்திரமாக வையுங்கள், இனி யாராவது ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தால் அதைக் காட்டுங்கள். தங்கை இருக்கிறார் என்றீர்களே, உங்களுக்கு உறுதியானால் அவருக்குப் பாதி வாய்ப்பு.

#25 மூணாம்நம்பர்_லயம்

அங்கேதான் சிக்கல். தங்கை கட்டிக்கொள்ளப் போகிறவர் ஈப்போ சீனப் பையன், ஆண்டு இறுதியில் கல்யாணம். பரிசோதனைக்குப் போ என்றால் எதற்கு என்று கேட்பாள். பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அம்மா சொன்னால்தான் நன்றாக இருக்கும், நான் முந்திக்கொண்டால் அம்மா மனது உடைந்துவிடும்.

#26 வரைபடக்காரி

அண்ணா, அம்மாவின் ரகசியத்தைப் போட்டு உடைக்காமலும் தங்கையை அனுப்பலாம்: "என் ரத்த அணு சின்னதாக இருக்கிறதாம், கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டுமாம், மாப்பிள்ளையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்." இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பாட்டி கதையை அம்மா தன் நேரத்தில் சொல்லட்டும். ஆனால் அம்மாவிடம் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும், தங்கை வந்து கேட்கும்போது அவர் திகைத்து நிற்கக் கூடாது. வேண்டுமானால் நானும் வருகிறேன். விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கிறது, மாணவி என்று சொல்லிக்கொண்டு வருவேன், ஆலோசகர் என்று சொல்ல மாட்டேன்.

#27 பழைய_டிரஸ்ஸர்

நானும் வருகிறேன். அந்த அம்மாவுக்கு என்னிடம் பேசக் கூச்சம் இருக்காது, காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை சரியா?

#28 மூணாம்நம்பர்_லயம்

ஞாயிறு வேண்டாம் ஐயா, அம்மா கோயில் சமையலுக்குப் போய்விடுவார். சனி மாலை வாருங்கள், தங்கை அன்றைக்கு வேலை முடிந்து வர எட்டாகிவிடும். வீடு எங்கே என்று தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

#29 ரோசாப்பூ_ஆண்ட்டி

எனக்கும் கடிதம் கிடைத்துவிட்டது மா. தேதி வரவில்லை. பெரியக்கா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அட்டைகளை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாராம், எல்லாம் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.